தில்லிக் குளிரில் பேதி: ரோட்டா சொட்டு மருந்து போட்ட பிறகும்

மயூர் விஹார் அம்மா:
பேதி கோடையில் வருவது என்று நினைத்திருந்த எங்களுக்கு, ஜனவரிக் குளிரில் எட்டு மாதக் குழந்தை முதலில் வாந்தியும் காய்ச்சலுமாகத் தொடங்கி, பிறகு தண்ணீராகவே போகத் தொடங்கியபோது ஒன்றும் புரியவில்லை. பல் முளைக்கும் காலம், அப்படித்தான் போகும் என்று சொல்லாதவர்கள் இல்லை. என் மாமியார்தான் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உச்சிக்குழி உள்ளே வாங்கியிருக்கிறது, உடனே கிளம்பு" என்றார். மருத்துவமனையில் மருத்துவர் குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரல்களால் கிள்ளி விட்டார். அந்த மடிப்பு உடனே படியவில்லை. மெல்ல மெல்லத்தான் இறங்கியது; உடலில் நீர் வற்றியதன் அடையாளமாம் அது. குழந்தை இப்போது நலம். ஆனால் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்தை ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தவறாமல் கொடுத்திருந்தும் ஏன் வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

கரோல் பாக் அப்பா:
சகோதரி சொல்வதைப் பார்த்தால், அந்தச் சொட்டு எதற்கு என்றே கேட்கத் தோன்றுகிறது. 2015இல் பிறந்த என் மூத்தவனுக்கு இது போடவே இல்லை; அவன் ஒருநாளும் இப்படிப் படுத்ததில்லை. இளையவளோ சொட்டு போட்ட அன்று இரவு முழுவதும் வீறிட்டு அழுதாள். இந்தச் சொட்டால் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்ததால், விடியும் வரை அவள் வயிற்றில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. கொதிக்க வைத்த தண்ணீரும் சுத்தமும் போதும் என்பதே என் கருத்து.

ஆர்.கே. புரம் தாத்தா:
தம்பி, உங்கள் பயம் புரிகிறது, முடிவுதான் சரியில்லை. தண்ணீர் சுத்தமாக இருக்கும் பணக்கார நாடுகளிலும், தடுப்பு மருந்து வரும்முன் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ரோட்டா தொற்றியது, ஏனெனில் அது கை, பொம்மை, மாற்றிய துணி வழியாகவும் பரவும். ரோட்டாவாக் என்ற நம் நாட்டுச் சொட்டு மருந்துக்கு மூலமான 116இ என்ற ரோட்டா வைரஸ் வகை 1980களில் இதே தில்லி எய்ம்ஸில், நோய்க்குறி இல்லாத பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்தது, டாக்டர் எம்.கே. பான் அந்த ஆய்வை முன்னின்று நடத்தினார். தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதித்தபோது, முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா பேதி 56 விழுக்காடு குறைந்தது. நூறு விழுக்காடு என்று யாரும் சொல்லவில்லை. பேதிக்கு வேறு கிருமிகளும் உண்டு என்பதால், சகோதரியின் குழந்தைக்கு வந்தது ரோட்டாதான் என்று பரிசோதனை இல்லாமல் கூறவும் இயலாது. குடல் செருகல் மிக அரிது. விட்டுவிட்டு வீறிட்டு அழுவதும், ஓயாத வாந்தியும், மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து வருவதும் அதன் அடையாளங்கள், கண்டால் தாமதிக்கக் கூடாது. என் தங்கையின் முதல் பிள்ளை, நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் அல்ல, நான் வேலைக்கு வந்த பிறகு, ஒரே இரவுப் பேதியில் போய்விட்டான். இதற்கு மேல் அதை எழுத முடியவில்லை.

துவாரகா வாசகி:
என் அனுபவம் சிறியது. பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். தூளை மருந்துக் கடையில் கேட்டேன், பழச்சாறு போன்ற அட்டைப் பெட்டி பானத்தைக் கொடுத்தார்கள். குடிக்கக் குடிக்கப் பேதி அதிகமாயிற்று. மருத்துவர் பெட்டியைத் திருப்பி, சர்க்கரை மிகுதியாக இருப்பதைச் சொல்லும் வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட, ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் தூளையே வாங்குங்கள். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். சிறு பொட்டலமாக இருந்தால் அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரையே சேர்க்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கரைக்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பேதிக்குக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. பேதி நின்றாலும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். கரோல் பாக் ஐயா, சொட்டைத் தள்ளிப்போட்ட வீடு உங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்: அரசுத் திட்டத்தில் முதல் தவணையை ஒரு வயது நிறைவதற்குள் தொடங்கிவிட வேண்டும்.