காலுக்கு 36%, ஒரு கண்ணில் பார்வை இல்லை, ஆனாலும் வெள்ளை அட்டைதான் வந்தது. அடுத்து என்ன செய்வது?

தம்பியின் அக்கா:
வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. பைக் விபத்தில் வலது முழங்கால் நொறுங்கி பிளேட் வைத்தார்கள். கால் இப்போது பாதிக்கு மேல் மடங்காது. பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பின்னாலேயே இழுத்துக்கொள்வான். அதே விபத்தில் வலது கண்ணில் பார்வை முழுவதும் போய்விட்டது. இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு அடையாள அட்டைக்கு (யூடிஐடி) விண்ணப்பித்தோம். முகாமில் எலும்பு டாக்டர் மட்டும் பார்த்து 36% குறைபாடு என்று எழுதினார். கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒரு கண் போனால் 30%தான், அதை வைத்து ஒன்றும் கிடைக்காதும்மா" என்று அங்கிருந்த ஒருவர் சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது வெள்ளை அட்டை வந்திருக்கிறது. 40% இல்லை, அதனால் வேலைக்கான இடஒதுக்கீட்டில் வர முடியாது என்கிறார்கள். அவன் குரூப் 4 தேர்வுக்கு ராத்திரி பகலாகப் படிக்கிறான். இரண்டையும் கூட்டினால் 66% வருமே? யாராவது வழி சொல்லுங்கள்.

ஊன்றுகோல்:
சகோதரி, நேராகக் கூட்ட மாட்டார்கள். ஆனால் சேர்த்துக் கணக்கிட ஒரு முறை உண்டு. மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பெரிய சதவீதம் 36, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 90-இல் 36 போனால் 54. அதை 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 18. ஆக 36-உம் 18-உம் சேர்ந்து 54%. நீங்கள் நினைத்த 66 இல்லை, ஆனால் 40-ஐத் தாராளமாகத் தாண்டிவிட்டது.

முகாமில் சொன்னது, கண்ணை மட்டும் பார்த்தால் சரிதான். மற்ற கண் நன்றாக இருந்து ஒரு கண் முழுவதும் போனால் 30%தான் தருவார்கள். ஆனால் உங்கள் தம்பிக்குக் காலும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்பதும் தனி வகை. அதற்குச் சான்றிதழ்ப் படிவமே தனி. எலும்பு டாக்டரும் கண் டாக்டரும் ஆளுக்கொரு சதவீதம் எழுதி, கடைசியில் மொத்தம் போடுவார்கள்.

தம்பியின் அக்கா:
ரொம்ப நன்றி அண்ணா. இதை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. விண்ணப்ப நகலை எடுத்துப் பார்த்தேன். பூர்த்தி செய்து கொடுத்த இடத்தில், குறைபாட்டின் வகை என்ற கட்டத்தில் கால் குறைபாட்டை மட்டும் போட்டிருக்கிறார்கள். புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடலாமா? இல்லை மேல்முறையீடா?

முகாம் தன்னார்வலர்:
புது விண்ணப்பம் வேண்டாம் அக்கா. ஒருவருக்கு ஒரு யூடிஐடி எண்தான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், "கண் குறைபாடு மதிப்பிடப்படவில்லை, இரண்டையும் சேர்த்து மறுமதிப்பீடு செய்ய வேண்டும்" என்று மனு எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வந்தால் கோப்பில் ஏறாது. மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: விபத்து நேரத்து டிஸ்சார்ஜ் சம்மரி, முழங்கால் எக்ஸ்ரே, அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் எடுத்த பார்வைப் பரிசோதனைச் சீட்டு, ஆதார். கண் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டால் நல்லது.

மேல்முறையீட்டையும் விட்டுவிடாதீர்கள். சான்று கொடுத்த தேதியிலிருந்து 90 நாளைக்குள் போட வேண்டும். மறுமதிப்பீட்டு மனு ஒரு பக்கம் போகட்டும், இந்த நாள் கணக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். கெடு நெருங்கினால் அதையும் போட்டுவிடுங்கள்.

தம்பியின் அக்கா:
சான்றில் போன மாதத் தேதிதான் இருக்கிறது. நேரம் இருக்கிறது. 54% வந்தால் மாத உதவித்தொகையும் கிடைக்குமா?

ஊன்றுகோல்:
54% வந்தால் மஞ்சள் அட்டை. 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80% வேண்டும், குடும்பமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் அதை எதிர்பார்க்க வேண்டாம். மாநில அரசின் திட்டங்களுக்கு விதி வேறு வேறு. மனு கொடுக்கும் அன்றைக்கே அதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

முகாம் தன்னார்வலர்:
தேர்வு பற்றி ஒன்று. அரசு வேலையில் 4% இடஒதுக்கீடு பிரித்துத் தரப்படுகிறது: பார்வை, செவித்திறன், கை கால் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1%. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றோடு பல்வகைக் குறைபாட்டையும் சேர்த்து மீதி 1%. புதுச் சான்று வந்ததும் தம்பி அந்த நாலாவது பிரிவில்தான் வருவார். எந்தெந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பழைய சான்றை வைத்துக் கால் குறைபாடு என்று பதிந்துவிட்டால், சான்று சரிபார்ப்பில் வீண் சிக்கல் வரும்.