டெட் தீர்ப்புக்குப் பிறகு நம் கடலோரப் பள்ளிகளில்: உங்களைத் தாங்கியவர் யார்?

இடைநிலை ஆசிரியை, மண்டபம் ஒன்றியம்:

எந்தப் புத்தகம் படிக்கலாம், எந்த வீடியோ பார்க்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே வேறு ஒன்றைப் பகிரலாம் என்று நினைக்கிறேன். தீர்ப்பு வந்த பிறகு உங்கள் பள்ளியில் யார் யாரைத் தாங்கினார்கள்? எப்படித் தாங்கினார்கள்? நானே ஆரம்பிக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்களில் ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள், 2 ஆண்டுக்குள் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 5 ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் தேறாமலேயே பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. நானெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தவள். அப்போது இந்தத் தேர்வே இல்லை. 2012-இல் தமிழ்நாட்டில் முதல்முறை நடந்தபோது எழுதியவர்களில் ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால்தான் செய்தியைக் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது. பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் என்று எல்லாமே இந்தச் சம்பளத்தை நம்பித்தானே ஓடுகிறது.

எங்கள் தலைமையாசிரியைக்கு வயது 57. பெரிய டீச்சர் என்றுதான் ஊரில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஆனால் நெடுநாளாகக் காத்திருந்த பதவி உயர்வு அவருக்கு இனி இல்லை என்றாகிவிட்டது. எங்களுக்காவது 2 ஆண்டு அவகாசம் இருந்தது. அவர் இழந்தது அன்றைக்கே போய்விட்டது.

மறுநாள் காலை எங்களைக் கூப்பிட்டார். ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. ஒரு தாளில் பள்ளி வேலைகளையெல்லாம் எழுதி வைத்திருந்தார். எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் இணையதளம்) பதிவு, காலை உணவுப் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டு, உதவித்தொகைப் படிவங்கள். "இதெல்லாம் இனிமே நான் பாத்துக்கிறேன். எமிஸ் மட்டும் எனக்கு யாராவது சொல்லிக் குடுங்க" என்றார். போனில் குறுஞ்செய்தி தட்டவே தயங்குகிறவர் அவர். எங்கள் பள்ளியில் ஏற்கெனவே டெட் முடித்து வந்த இளம் ஆசிரியை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். பத்து நாளுக்குள் வருகைப் பதிவு முழுக்கப் பெரிய டீச்சர் கைக்குப் போய்விட்டது.

தலைமைப் பண்பு பற்றிப் பயிற்சி வகுப்புகளில் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். தொலைநோக்கு, குழு உணர்வு என்று பெரிய பெரிய வார்த்தைகள். ஒருவர் தலையில் இருக்கிற வேலையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொள்வதுதான் அது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம் பாடங்களைப் பிரித்துக்கொண்டோம். முதல் தாளில் ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண், மொத்தம் 150. தமிழ் எனக்கு. ஆங்கிலம் அந்த இளம் ஆசிரியைக்கு. கணக்கு ஒருவர், சூழ்நிலையியல் ஒருவர். பள்ளி விட்டதும் ராமநாதபுரம் பஸ் வரும் வரைக்கும் படிப்பு. குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் பகுதியை எடுத்துக்கொள்ள யாருமே முன்வரவில்லை. "அதை நான் எடுக்கிறேன்" என்று பெரிய டீச்சர் சொன்னார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஒரே அளவு தண்ணீரைக் குட்டையான டம்ளரிலிருந்து உயரமான டம்ளருக்கு மாற்றினால், சின்னப் பிள்ளைகள் உயரமானதில்தான் நிறைய இருக்கிறது என்பார்கள். இதை உளவியலாளர் பியாஜே சொன்னார் என்று நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். "மனப்பாடம் எதுக்கு? நம்ம பிள்ளைங்ககிட்டயே கேட்டுப் பாப்போம்" என்று எங்களை இரண்டாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். புத்தகத்தில் இருந்தபடியே பல பிள்ளைகள் உயரமான டம்ளரைக் காட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் இரண்டும் ஒன்றுதான் என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டோம். பாட்டியோடு சந்தைக்குப் போகிறவள் அவள். "கூறு கட்டும்போது பரப்பி வச்சா கூடத் தெரியும் டீச்சர். மீனு அதே மீனுதான்" என்றாள். அன்றைக்குப் படித்த எதுவும் எங்களில் யாருக்கும் மறக்கவில்லை. இத்தனை ஆண்டு பாடம் நடத்தியபோது கண்ணில் படாத ஒன்று, தேர்வுக்குப் படிக்கப் போய்க் கண்ணில் பட்டது. இந்தத் தேர்வின் மேல் எனக்கு இருந்த கசப்பில் பாதி அன்றைக்கே குறைந்துவிட்டது.

ஒருநாள் கேட்டேன், "உங்களுக்கு வருத்தம் இல்லையா டீச்சர்?" "இல்லாம இருக்குமா? ராத்திரியில தூக்கம் வரல. ஆனா நீங்களெல்லாம் போயிட்டா நான் யாரை வச்சுப் பள்ளிக்கூடம் நடத்துறது?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பொறுப்புத் தலைமையாசிரியர், சாயல்குடிப் பக்கம்:

டீச்சர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. உங்கள் பெரிய டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தேர்வில் தேறியவன் நான், வயதில் சின்னவன். கூட இருக்கும் அக்கா என்னைவிடப் பல ஆண்டு மூத்தவர், தேர்வு எழுத வேண்டியவர். மூத்தவருக்கு நான் பாடம் சொல்லிக் கொடுப்பதா என்று எனக்குத்தான் கூச்சம். அவருக்கு அது கொஞ்சமும் இல்லை. "தம்பி, பின்னத்துல நான் கொஞ்சம் வீக்கு, மெதுவாச் சொல்லு" என்று நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பின்னக் கணக்கு நான் சொல்லித் தருகிறேன், ஒன்றாம் வகுப்புக் குழந்தையை அழாமல் உட்கார வைப்பது எப்படி என்று அவர் எனக்குச் சொல்லித் தருகிறார். கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்கிறது.

ஆனால் நான் எழுத நினைத்தது வேறொன்று. பனை சீசன் வந்தால் எங்கள் பக்கம் சில குடும்பங்கள் குடிசை போட்டுக்கொண்டு பனங்காட்டிலேயே தங்கிவிடும். அப்பா மரம் ஏறுவார், அம்மா பதநீர் காய்ச்சுவார், பிள்ளைகளும் கூடவே இருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தேடிப் போனேன். அவன் பாட்டி அடுப்படியில் கருப்பட்டிக்குப் பாகு கிண்டிக்கொண்டிருந்தார். பையனை அனுப்பச் சொல்லிக் கேட்டதும், "போன வருசம் இருந்த வாத்தியார் எங்க? அதுக்கு முந்தி இருந்தவர் எங்க? நீங்க ஆளு மாறிக்கிட்டே இருந்தா பிள்ளை மட்டும் எப்படிய்யா நிக்கும்?" என்றார்.

சொந்த ஊர்ப் பக்கம் போவதற்காக மாறுதல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. வீட்டில் கோபப்பட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எல்லா ஆசிரியர்களும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வயதான பெற்றோரை விட்டுவிட்டு எங்கோ வேலை பார்ப்பதன் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் பாட்டி கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. பையன் இப்போது அத்தை வீட்டில் தங்கிப் பள்ளிக்கு வருகிறான்.

பட்டதாரி ஆசிரியர், தங்கச்சிமடம் பக்கம்:

நானும் ஒன்று சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். கடலுக்குப் போன அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது, அங்கே சிறையில் இருக்கிறார். பையன் காலையில் மீன் இறங்குகிற இடத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். நானும் எங்கள் தலைமையாசிரியரும் போனோம். நான் படிப்பைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். சார் என் கையை அமுக்கிவிட்டு, "சாப்டியாடா?" என்று கேட்டார். அப்புறம் அவன் அம்மாவிடம் உட்கார்ந்து, உதவிக்கு மனு எழுதிக் கொடுத்தார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிட்டோம். அடுத்த வாரம் பையனே வந்தான்.

இன்னொன்று. இந்தப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று கடலைப் பங்கு போட்டிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தை விசைப்படகு போகாத ஒரு நாளும் நாட்டுப்படகு போகாத ஒரு நாளும் என்று இரண்டாகப் பிரித்து வைத்தார் சார். அதற்குப் பிறகுதான் அப்பாக்கள் முகத்தையே பள்ளியில் பார்க்கிறோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் பலர் கரையில் இருப்பார்கள். மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போக அதைவிட நல்ல சமயம் இல்லை. புதிதாக வருகிற தலைமையாசிரியர்கள் இதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் நல்லது.

இடைநிலை ஆசிரியை, மண்டபம் ஒன்றியம்:

இரண்டு பேருக்கும் நன்றி. கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் யோசனையைப் பெரிய டீச்சரிடம் சொன்னேன், அடுத்த கூட்டத்தையே அப்படி வைக்கலாம் என்றார். சாயல்குடி சார், கணக்கு எடுக்கும் எங்கள் ஆசிரியை பின்னம், சதவீதம் இரண்டுக்கும் வினாக்கள் தொகுத்து வைத்திருக்கிறார். அக்காவுக்கு அனுப்பி வைக்கிறேன். பதிலுக்கு ஒரு உதவி. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பற்றி அவர் சொல்வதை நீங்கள் குறித்து வைத்திருந்தால் எங்களுக்கும் அனுப்புங்கள். எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு சேர்ந்த குழந்தைகளில் இரண்டு பேர் இன்னும் வாசலைத் தாண்டி உள்ளே வர மறுக்கிறார்கள்.