குடித்துவிட்டு இடித்தவனிடம் ஒன்றும் இல்லை. பார் மீது வழக்குப் போட முடியுமா?

செஞ்சிக்காரன்:
போன மாதம் என் அக்கா வீட்டுக்காரர் பால் சொசைட்டியிலிருந்து எக்ஸெல் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே தப்பான பக்கத்தில் வந்த பைக் மோதி, வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். இடித்தவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவனுடைய ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) மது வாடை அடித்தது என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

அவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, எப்போதோ முடிந்துவிட்டது. ஆள் கொத்து வேலைக்குப் போகிறவன், வாடகை வீடு. அவனிடமிருந்து எங்களுக்கு என்ன வந்துவிடும்? ஆனால் மத்தியானத்திலிருந்து அவன் உட்கார்ந்து குடித்த பார் அங்கேயேதான் இருக்கிறது. தினமும் கல்லா நிறைகிறது. தள்ளாடுகிறவனை வண்டியேற்றி அனுப்பியவர்களுக்கு ஒரு பொறுப்பும் கிடையாதா? வெளிநாட்டில் பார் மீதே கேஸ் போடுவார்களாமே?

குமாஸ்தா:
நான் வக்கீல் இல்லை, விபத்து வழக்கு பார்க்கும் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நாம் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது ஓட்டியவர், வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி. பாருக்கு அங்கே இடமில்லை. கவனக்குறைவு என்று சிவில் கோர்ட்டில் தனியாக வழக்குப் போடலாம்தான். கோர்ட் கட்டணம், வருடக்கணக்கான வாய்தா எல்லாம் உங்கள் தலையில் விழும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 188 என்று ஒரு பிரிவு இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு (பிரிவு 185) உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீஸ் அதை வைத்துத்தான் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. பார்காரரை அதில் இழுக்க முடியுமா என்று வாதாடலாம். இழுத்தாலும் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் மாமா காலுக்கு வராது. 2024ல் புனேயில் 17 வயதுப் பையன் போர்ஷ் காரை ஏற்றி இரண்டு பேர் இறந்தார்களே, அதில் பார் ஆட்களைக் கைது செய்தது சிறுவனுக்கு மது கொடுத்த குற்றத்துக்காக. பெரியவனுக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கைதே இருந்திருக்காது.

நியூஜெர்சி மாப்பிள்ளை:
ஆமாம், இங்கே போடுவார்கள். நியூஜெர்சியில் 1959லேயே கோர்ட் வழி திறந்துவிட்டது. 1987ல் வந்த சட்டப்படி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் போதையில் இருக்கிறவருக்கோ சட்டப்படியான வயது ஆகாதவருக்கோ ஊற்றியிருந்தால்தான் பார் மாட்டும். எல்லாக் குடிகாரனுக்கும் பார்தான் பொறுப்பு என்று இல்லை.

இன்னொரு வழக்கு இங்கே பிரசித்தம். ஒருவர் நண்பர் வீட்டில் குடித்தார். நண்பர் வாசல்வரை வந்து காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வீடு போய்ச் சேர்ந்தாரா என்று போன் போட்டால், நேருக்கு நேர் மோதல் என்று மனைவி சொல்கிறார். 1984ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நண்பரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாகலாம் என்றது. பார் இல்லை, காசு வாங்கவில்லை, வீட்டுக்கு வந்தவருக்கு ஊற்றிக் கொடுத்ததற்கே இந்தக் கதி. இதற்கென்றே தனி இன்சூரன்ஸ் இருப்பதால் பார்கள் தாங்குகின்றன. அது இல்லாமல் சட்டத்தை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவேண்டும்.

பழைய சப்ளையர்:
தம்பி, நான் கடையோடு ஒட்டின பாரில் சப்ளையராக இருந்தவன். ஊர் வேண்டாம்.

முதலில் நம் ஊர் பார் என்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக்காரர் சொல்கிற மாதிரி அங்கே யாரும் ஊற்றிக் கொடுப்பதில்லை. சரக்கை விற்பது டாஸ்மாக், அதாவது அரசாங்கம். 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அதன் கையில். பார் என்பது டெண்டர் எடுத்த காண்ட்ராக்டருடையது. அவருக்கு விற்க அனுமதி உள்ளது தண்ணீர், டம்ளர், சுண்டல், ஆம்லெட், ஈரல் வறுவல். என் காலத்தில் காலி பாட்டிலும் அவருக்குத்தான், அதை விற்பதுதான் அவருக்கு வருமானம். நாளைக்கு கோர்ட்டில் நின்றால் காண்ட்ராக்டர் வக்கீல் சொல்வார், நாங்கள் ஆம்லெட்தானே போட்டோம் என்று. காகிதத்தில் அது உண்மை.

ஆனால் எவ்வளவு குடித்தான் என்று எங்களுக்குத் தெரியாது என்றால் அது பச்சைப் பொய். காலி பாட்டில்தான் காண்ட்ராக்டருக்கு வருமானம் என்று சொன்னேன் இல்லையா? மேஜைக்கு அடியில் குனிந்து அதைப் பொறுக்கி எடுத்து, கணக்குப் பார்த்து சாக்கில் போடுவதுதான் எங்கள் வேலை. மூன்றாம் குவார்ட்டர் வாங்க ஆள் எழுந்திருக்கக்கூட மாட்டான். பணத்தைக் கையில் திணிப்பான், நாங்களே ஜன்னலில் நின்று வாங்கி வந்து கொடுப்போம், மீதிச் சில்லறை எங்களுக்கு. வெளியே வாட்ச்மேன் ஸ்டாண்டை எடுத்து, வண்டியை ரோட்டைப் பார்க்கத் திருப்பி, சாவி துவாரம் தெரியாமல் தடவுகிறவனுக்கு சாவியையும் போட்டுக் கொடுப்பார். அதற்குப் பத்து ரூபாய். தெரியாமலா?

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றதே, நம் ஊர் வழக்கிலேயே. சின்ன ஊர் என்றால் 220 மீட்டர் என்று பிறகு குறைத்தார்கள். நல்ல எண்ணம்தான். எங்கள் கடையை உள்ளே தள்ளினார்கள். முன்னால் பஸ் இறங்கி நடந்து வந்தவன் எல்லாம் வண்டியில் வர ஆரம்பித்தான். குடித்து முடித்து அதே ஹைவேயில்தான் ஏறவேண்டும்.

அதனால் என் கட்சி இதுதான். காண்ட்ராக்டர் மீது பொறுப்பு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். டெண்டரிலேயே எழுதட்டும். ஆனால் பாட்டிலை விற்று லாபம் எடுத்தவரை வெளியே நிறுத்திவிட்டு, ஈரல் வறுத்தவனை மட்டும் கூண்டில் ஏற்றினால் எப்படி?

நேர்வழி:
மன்னிக்கவும், இது என்ன வாதம்? குடித்தவன் குழந்தையா? வாயில் யாராவது ஊற்றினார்களா? 10,000 ரூபாய் அபராதம் இருக்கிறது, ஜெயில் இருக்கிறது, தெரிந்தும் ஓட்டினான். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா மாநிலத்தில் இதேபோல ஒரு வழக்கு. குடித்தவரின் மோட்டார் சைக்கிளை பார்காரர் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். மனைவிக்கு போன் செய்யட்டுமா என்று கேட்டதற்கு அந்த ஆள் கெட்ட வார்த்தையில் திட்டி, வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வழியிலேயே இறந்துபோனார். 2009ல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் பார்காரருக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. சாவியைக் கொடுக்காமல் சண்டை போட்டு அடி வாங்கவேண்டுமா சப்ளையர்?

பழைய சப்ளையர்:
சார், அந்த வழக்கில் செத்தது குடித்தவரே. இங்கே கால் உடைந்தது பால் ஊற்றிவிட்டு வந்தவருக்கு. அடி விஷயம் சரி, நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் சண்டை போடச் சொல்லவில்லை. நாலாவது குவார்ட்டருக்கு ஜன்னலில் நின்று வாங்கித் தராமல் இருக்கலாம், வண்டியைத் திருப்பித் தராமல் இருக்கலாம். இரண்டும் சும்மா இருப்பதுதானே?

செஞ்சிக்காரன்:
அண்ணா, வாட்ச்மேன் கதை கேட்டதும் வயிறு எரிகிறது. குமாஸ்தா சார், அப்போது எங்களுக்கு வழியே இல்லையா?

குமாஸ்தா:
இருக்கிறது, சின்ன வழி. பார் வாதத்தை இப்போதைக்கு ஓரம் வையுங்கள். எஃப்.ஐ.ஆரில் 185 சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். ரத்தம் எடுத்தார்களா, ரிப்போர்ட் வந்ததா கேளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வலுவான ஆதாரம், வாடை மட்டும் போதாது. ஆர்.சி. புத்தகம் யார் பேரில் என்று பாருங்கள். பைக் மேஸ்திரி பேரிலோ வேறு யார் பேரிலோ இருந்தால் அவரும் பொறுப்பு, அங்கே சொத்து இருக்கலாம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஏலம் விட்டு, பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டும்படி விதி செய்ய 2018ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பழைய பைக், பெரிதாகத் தேறாது. இருந்தாலும் ஸ்டேஷனிலிருந்து வெளியே விடுவதற்குள் மனு கொடுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். மாமாவின் பால் சொசைட்டி பாஸ்புக்கைப் பத்திரமாக வையுங்கள், வருமானத்துக்கு அதுதான் சாட்சி.