புதுப்பிப்பு: படிகாரக் கல் இந்த முறை வளர்ந்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேனே, கரைசலில் கல் வளர்க்கலாம் என்று நூலில் கட்டித் தொங்கவிட்ட படிகார விதை (பெரிதாக வளர்க்க எடுக்கும் சின்னக் கல்) ஒரே ராத்திரியில் கரைந்து போய்விட்டது, உப்புக் கரைசலோ ஒரு வாரமாகியும் கல் எதுவும் விழாமல் அப்படியே இருக்கிறது என்று. இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

கரைசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே விதையை இறக்கிவிட்டேன், அதுதான் தப்பு. சூட்டில் தண்ணீர் இன்னும் படிகாரத்தை வாங்கிக்கொள்ளும். இந்த முறை கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, அடியில் படிந்த குருணைகளில் முகம், அதாவது தட்டையான பக்கங்கள், சரியாக இருந்த ஒன்றை எடுத்துத் தூண்டில் நரம்பில் கட்டி, தெளிந்த கரைசலில் இறக்கினேன். பன்னிரண்டாம் நாள் சுண்டைக்காய் அளவு! எட்டு முகமும் தெரிகிறது, ஜன்னல் பக்கம் பிடித்தால் விளிம்பெல்லாம் மின்னுகிறது.

உப்பின் விஷயம் வேறு. 100 மில்லி தண்ணீரில் ஆறின நிலையில் சுமார் 36 கிராம், கொதிக்கும்போதும் சுமார் 39 கிராம்தான் கரையும், அதனால் ஆறவைத்துப் பயனில்லை, வேதாரண்யம் உப்பளத்தில் நடப்பது போல வெயிலில் தண்ணீர் வற்றினால்தான் கல் விழும். இந்த ஐப்பசி ஈரக் காற்றில் அது எங்கே வற்றும்? சரி, தையில் அறுப்பு முடிந்ததும் மொட்டைமாடியில் அகலத் தட்டில் ஊற்றி வைக்கப்போகிறேன்.