முட்டையும் நீத்துப்பெட்டியும்

மகளுக்குத் தரம் 8இல் விஞ்ஞானப் போட்டி. மாடியில் இருந்து, ஏறக்குறைய 6 மீற்றர் உயரம், முட்டையைப் போட வேண்டும், உடையக் கூடாது. நாங்கள் இருப்பது தருமபுரம் பக்கம். வீட்டில் கோழி நிற்பதால் முட்டைக்குப் பஞ்சமில்லை என்ற தைரியத்தில் இறங்கினோம்.

முதலில் பிஸ்கற் ரின். உமியை நன்றாக அமுக்கி, நடுவில் முட்டையை வைத்துத் தண்ணீர்த் தாங்கியின் மேலே ஏறிப் போட்டேன். ரின்னுக்கு ஒரு நெளிவுகூட இல்லை, உள்ளே எல்லாம் மஞ்சள். அடுத்தது ரெஜிபோமை, அதுதான் சாமான் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை நுரைக் கட்டி, முட்டை அளவுக்குக் குடைந்து இறுக்கிப் பொருத்தினோம். அதுவும் போச்சு. நாய்க்குத்தான் கொண்டாட்டம்.

மைத்துனர் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிப்பவர். "அத்தான், முட்டை நிக்கிறதுக்குக் கொஞ்சம் தூரம் குடுங்கோ" என்றார். 6 மீற்றரில் இருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது மணிக்கு 39 கிலோமீற்றர் வேகத்தில் இருக்குமாம். அந்த வேகம் 1 சென்ரிமீற்றருக்குள் அடங்கினால் முட்டை தாங்க வேண்டிய விசை அதன் எடையைப் போல 600 மடங்கு. 10 சென்ரிமீற்றருக்குள் என்றால் 60 மடங்குதான். எங்கள் ரின் நெளியாததுதான் பிழை என்று அப்போதுதான் விளங்கியது.

நசுங்குகிற பொருள் வேண்டும். அடுப்படியில் கண்ணில் பட்டது அம்மா பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி. ஓலையில் இழைத்த கூம்பு, கூர் கீழே. பழைய காலுறைக்குள் முட்டையைப் போட்டு, சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி நான்கு பக்கமும் இழுத்து, விளிம்பில் தொங்கவிட்டோம். அடியில் கொஞ்சம் தும்பு, அமுக்காமல். விழுந்ததும் கூர் மடிந்தது, முட்டை ஊஞ்சலாடி நின்றது.

போட்டியன்று நல்ல சோளகக் காற்று. சொப்பிங் பையில் பரசூட் கட்டி வந்த பெடியன் ஒருவனின் முட்டை வேப்பமரத்தில் போய்த் தொங்கியது. உடையவில்லைதான், ஆனால் நிலத்துக்கும் வரவில்லை. நடுவர்கள் என்ன புள்ளி போடுவது என்று கனநேரம் யோசித்தார்கள். எங்களுக்கு இரண்டாம் இடம், பாரம் கூடிப்போச்சாம்.

*

இதை வாசித்த ஒருவர் கேட்டது: முட்டையை எப்படி வைத்தீர்கள், நிறுத்தியா கிடத்தியா? நான் மாங்குளத்தில் பிள்ளைகளுக்குச் செய்வித்தபோது நிறுத்தித்தான் வைப்பித்தேன், முனைதான் பலம் என்று. ஆனால் 2025இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 முதல் 10 மில்லிமீற்றர் வரையான உயரத்தில் இருந்து முட்டைகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிடையாக விழுந்தவைதான் குறைவாக உடைந்தன. பக்கவாட்டில் ஓடு சற்று வளைந்து கொடுக்கிறதாம்.

*

என் பதில்: கிடத்தித்தான், ஆனால் தெரிந்து செய்யவில்லை. காலுறைக்குள் அது தானாகக் கிடந்துவிட்டது. அம்மா இன்னும் புது நீத்துப்பெட்டி கேட்கிறா. அதுவரைக்கும் வீட்டில் பிட்டு இல்லை.