திரை கறுத்தால் லேப்டாப் செத்துவிட்டதாக அர்த்தமில்லை

காட்பாடி, லேப்டாப் பழுது பார்ப்பவர்:

டிஸ்பிளே போய்விட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டிவியில் மாட்டிப் பார்த்தீர்களா?" என்பதுதான். எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டிவிக்குப் படம் போகிறதென்றால் மதர்போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை, உயிரோடு இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் பேனலிலோ, மூடியின் கீல் வழியாகப் போகும் டிஸ்பிளே கேபிளிலோதான் இருக்கும். இருட்டில் திரைமீது டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்னொளி மட்டும் போயிருக்கிறது. மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் கேபிளைச் சந்தேகிக்கலாம். காசு செலவில்லாத இந்தச் சோதனைகளைச் செய்யாமலே போர்டை மாற்றச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சென்ற கோடையில் ஆரணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். "எழுத உட்கார்ந்தால் திரை அணைந்துவிடுகிறது தம்பி, சும்மா வைத்தால் நன்றாக இருக்கிறது" என்றார். வேறொரு கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்களாம். என் மேசையில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. "வீட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து எழுதுங்கள் அம்மா" என்றேன். கைப்பையிலிருந்து போனை எடுத்தார். புத்தகம்போல மடக்கி மூடும் உறை, அதன் ஓரத்தில் காந்தம். அதை டச்பேடுக்கு இடப்பக்கம், மணிக்கட்டு படியும் இடத்தில் வைத்துவிட்டு நான்கு சொல் அடித்தார். திரை அணைந்தது. போனை எடுத்தேன், திரை வந்துவிட்டது. திரும்ப வைத்தேன், அணைந்தது.

லேப்டாப் மூடியின் ஓரத்தில் சிறு காந்தம் இருக்கும். கீழ்ப்பாதியில் அதை உணரும் ஹால் சென்சார் இருக்கும். இரண்டும் நெருங்கினால் மூடிவிட்டார்கள் என்று லேப்டாப் தூங்கப் போய்விடும். போன் உறையை அது மூடி என்று நம்பியிருக்கிறது. "இதற்கா போர்டு மாற்றச் சொன்னார்கள்?" என்று கேட்டவர், பிறகு அந்தக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. முப்பது வருடம் வகுப்பறையைக் கட்டி மேய்த்த குரல்.

வேலூர் காந்தி ரோடு, லாட்ஜ் ஊழியர்:

எங்களிடம் தங்குகிறவர்கள் அநேகமாக சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்கு அறை வீடியோ கால் நடக்கும். நோயாளியின் முகத்தை ஊரில் இருப்பவர்கள் பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் வைஃபை படுத்தினால் கோபம் முழுவதும் வரவேற்பு மேசைக்குத்தான் வரும்.

வைஃபை சேர்ந்திருக்கிறது, நெட் வரவில்லை என்பார்கள். பல சமயம், போன் எண்ணைப் போட்டு நுழையும் லாகின் பக்கம் திறந்திருக்காது. லேப்டாப்பில் வி.பி.என். (இணையத்தை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) ஓடிக்கொண்டிருந்தாலோ, டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண் முகவரியாக்கும் சேவை) முகவரியைக் கையால் மாற்றியிருந்தாலோ அந்தப் பக்கம் வராமல் போகலாம். இரண்டையும் நிறுத்திவிட்டு வைஃபையைத் துண்டித்து மறுபடி சேரச் சொல்வேன். வங்கதேசத்தவருக்கு அதோடு முடியாது. லாகினுக்கான ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் போகும். முதலாளியோடு மல்லுக்கட்டித்தான் அவர்களுக்கு ஓ.டி.பி. இல்லாமல் நுழையும் கூப்பன் முறை கொண்டுவந்தேன்.

கடைசி அறையில் தங்கியிருந்த கொல்கத்தாக்காரர் ஒருவர், மனைவியின் சிகிச்சைக்கு நடுவே அலுவலக வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது, வைஃபையும் அறுந்து அறுந்து வந்தது. பேட்டரி மாற்றியும் பலனில்லை. போய்ப் பார்த்தால், யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க், அதை ஒட்டிய துளையில் மவுஸின் ரிசீவர். யு.எஸ்.பி. 3.0-இல் தகவல் ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அவருடைய மவுஸும் அந்த அறைக்கு வந்த வைஃபையும் அந்த அலைவரிசையில்தான் பேசின. "தாதா (அண்ணா), இதை அந்தப் பக்கம் மாற்றுங்கள்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி, ரிசீவரை எதிர்ப்புறத் துளைக்கு மாற்றினேன். ஹார்ட் டிஸ்கை நீளமான கேபிளில் தள்ளி வைத்தோம். மவுஸ் உடனே சரியானது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அந்த இரைச்சல் ஒட்டாது. ஆனால் எங்கள் பழைய கட்டடத்தின் தடித்த சுவர்களைத் தாண்டி அது கடைசி அறைக்கு எட்டுவதில்லை. தாழ்வாரத்தில் இன்னொரு ரூட்டர் வைக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

குடியாத்தம், கல்யாண வீடியோ எடுப்பவர்:

மண்டபத்துப் பெரிய திரையில் படம் வரும், லேப்டாப் திரை கறுத்துவிடும். உடனே மாப்பிள்ளை வீட்டார் பதறுவார்கள். விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுத்தால் இரண்டிலும் வந்துவிடும். சத்தம் மட்டும் வேறெங்கோ போனால், கீழே ஸ்பீக்கர் படத்தைத் தட்டி வெளியீட்டை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தலைவலி கொடுப்பது உறவினர்கள் போனில் எடுத்துத் தரும் காணொளிகள். வீடியோவை அதிகமாகச் சுருக்கும் ஹெச்.இ.வி.சி. முறையில் பதிவானவை பல. விண்டோஸின் சொந்தப் பிளேயரில் சத்தம் கேட்கும், படம் வராது. வி.எல்.சி. பிளேயரில் போட்டால் ஓடும். பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் அதுவும் ஸ்லைடு ஷோ மாதிரி நின்று நின்றுதான் ஓடும், ஏனென்றால் அந்தக் காலத்துச் சிப்பில் இந்த முறையைப் பிரிக்கத் தனி வசதி இல்லை. இன்டெல்லில் அது 6-ஆம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாக வந்தது. ஆகவே முதல் நாளே எல்லாவற்றையும் ஹெச்.264 என்ற பழைய சுருக்க முறைக்கு மாற்றி வைத்துவிடுகிறேன்.

டைப்-சி துளையில் எச்.டி.எம்.ஐ. அடாப்டர் போட்டால் ஒரு லேப்டாப்பில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. அடாப்டர் கெட்டுவிட்டதா, காட்பாடி அண்ணன் சொல்லுங்கள்.

காட்பாடி, லேப்டாப் பழுது பார்ப்பவர்:

ஒன்றில் வருகிறதே, அடாப்டர் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லா டைப்-சி துளையும் வீடியோ அனுப்பாது. பக்கத்தில் 'டி', 'பி' எழுத்துகள் சேர்ந்த சின்னமோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருந்தால் நம்பலாம். குறி இல்லாமலும் சிலவற்றில் வரும், மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மண்டபத்துக்கு அந்த லேப்டாப்பைக் கொண்டுபோகாதீர்கள்.