கைகட்டி நிற்பது மரியாதையா, மறைப்பா? பர்மிய ஊழியர்களின் உடல்மொழி

மண்டிக்காரன், ரங்கூன்:
வணக்கம். உளுந்து மண்டிக்கு இரண்டு கணக்கு ஆட்களும் நான்கு கிடங்கு ஆட்களும் எடுக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் 18லிருந்து 25 வயது வரையுள்ள பர்மியப் பிள்ளைகள். கையிலிருக்கும் ஆங்கிலப் பயிற்சிக் குறிப்பில், மார்பில் கை கட்டினால் மனதை மூடிக்கொண்டவர், கண்ணைப் பார்க்காவிட்டால் பொய், தவறைச் சொல்லும்போது சிரித்தால் அலட்சியம் என்று போட்டிருக்கிறது. அதை நம்பினால் ஒருவரையும் எடுக்க முடியாது. ஏற்கெனவே இருப்பவர்களும் எதைச் சொன்னாலும் ‘ஹொக்கே’, அதாவது ‘ஆமாம்’ என்கிறார்கள், ஆனால் பாதி வேலை நடப்பதில்லை. இந்த ஊரில் முகத்தையும் கையையும் எப்படிப் படிப்பது?

பழைய வாத்தியார்:
முதலில் அந்தக் குறிப்பை ஓரமாக வையுங்கள் ஐயா. பர்மியப் பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்டால் பிள்ளை எழுந்து, இரு கையையும் மார்போடு கட்டிக்கொண்டுதான் பதில் சொல்லும். பர்மிய மொழியில் ‘லெ பைக்’ என்பது அதைத்தான். நாமும் ‘கைகட்டி வாய் பொத்தி’ என்று பணிவுக்குத்தானே சொல்கிறோம்?

ஆனாலும் எல்லாக் கைகட்டலும் பணிவு இல்லை. கவனிக்க வேண்டியது கை கட்டிய நேரம். அறைக்குள் வந்ததிலிருந்தே கட்டியிருந்தால் அது வளர்ப்பு. சாதாரணமாகத் தொங்கிக்கொண்டிருந்த கை, ‘முந்தைய கடையை ஏன் விட்டாய்?’ என்றதும் சட்டென்று கட்டிக்கொண்டால் அந்தக் கேள்வி எங்கோ உறுத்துகிறது. கூடவே உடம்பையும் பாருங்கள். பணிவில் தோள் முன்னால் தளர்ந்திருக்கும், தலை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், கால்கள் சேர்ந்திருக்கும். எதிர்ப்பில் தோள் ஏறும், விரல்கள் புஜத்தை இறுக்கும், தாடை கெட்டிப்படும். ஏசி பலமாக ஓடினால் இந்த அடையாளம் எதுவும் செல்லாது. அது வெறும் குளிர்.

கண் விஷயமும் இதேதான். பெரியவர் கண்ணை நேராக வெறிப்பது இங்கே அடக்கமில்லாத செயல். மேசைக்கு எதிரே உட்கார வைக்காமல் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். ஒரு கைப்பிடி உளுந்தைத் தட்டில் கொட்டி, ‘இதில் என்ன குறை?’ என்று கேளுங்கள். இருவர் பார்வையும் தட்டில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். உடைசலையும் வண்டு துளைத்ததையும் அவர் விரல் எவ்வளவு சீக்கிரம் ஒதுக்குகிறது என்பது, எந்த முகபாவத்தையும்விட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

மோல்மேன் தங்கச்சி:
சிரிப்பைப் பற்றி. 1862லேயே துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பிரித்துக் காட்டினார். மனசார வரும் சிரிப்பில் உதட்டோரம் ஏறுவதோடு கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும், கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ளும். தவறு செய்துவிட்ட பையனின் சிரிப்பில் உதடு மட்டும் விரியும், கண் தரையைப் பார்க்கும், ஒரு கை பிடரியைத் தேடும். அது கூச்சம், அலட்சியம் இல்லை. நாலு பேர் முன்னால் ‘என்ன சிரிப்பு?’ என்று அதட்டினால் சிரிப்பு இன்னும் கூடும், அடுத்த தவறை உங்களிடம் சொல்லவே மாட்டார். தனியாகக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் கேளுங்கள்.

‘ஹொக்கே’ என்பது பல நேரம் ‘கேட்டுக்கொண்டேன்’ என்ற அளவுதான். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவிடாமல் தடுப்பது ‘அனாடே’, அதாவது உங்கள் மனம் நோகுமே என்ற தயக்கம். அதனால் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘முதலில் எந்த அடுக்கிலிருந்து இறக்குவாய்? எத்தனை மணிக்கு முடியும்?’ என்று கேளுங்கள். பதிலுக்கு முன் மூச்சை உள்ளிழுத்து இழுத்தடித்தால் அதுவே ‘முடியாது’. ஆள் குறைவா, நேரம் குறைவா என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மண்டிக்காரன், ரங்கூன்:
ரொம்ப உதவி, தங்கச்சி. கிடங்கில் மூட்டை குறைந்தால் விசாரிக்கும்போதும் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

தராசு:
கூடாது அண்ணே. இதில் நான் கறாராகத்தான் சொல்வேன். 24,000க்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகளைச் சேர்த்து 2006ல் வந்த தொகுப்பாய்வில், பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். பழி விழுமோ என்று பயந்த நல்லவனுக்கும் கை நடுங்கும், உதடு காயும். பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும் என்று பயிற்சிக்காரர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். அந்த எண்ணுக்கு மூலமான, உளவியலாளர் மெராபியன் 1967ல் செய்த சோதனைகள், வார்த்தையும் தொனியும் முகமும் முரண்படும்போது பிடித்தம், வெறுப்பை எப்படி ஊகிக்கிறோம் என்பதைப் பற்றியவை மட்டுமே.

மூட்டைக்கு நம்பர் போடுங்கள். மாலையில் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி எழுதட்டும். 10 மூட்டைக்கு ஒன்றைத் திரும்ப எடை போட்டு வீசைக் கணக்கைச் சரிபாருங்கள். ஒருவர் முகம் மாறினால், அடுத்து எந்தச் சீட்டைப் புரட்ட வேண்டும் என்பதற்கு மட்டும் அது குறிப்பு.

மோல்மேன் தங்கச்சி:
நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் தலையாட்டி நாம் ‘சரி’ சொல்வது புதுப் பர்மியப் பிள்ளைக்குக் குழப்பம். வாயாலும் சொல்லிவிடுங்கள். கூப்பிடும்போது உள்ளங்கை கீழே பார்க்கட்டும். செல்லமாகக்கூடத் தலையில் தட்டாதீர்கள், காலால் மூட்டையைக் காட்டாதீர்கள். சம்பளத்தை மேசையில் தூக்கிப் போடாமல், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு வலது கையால் நீட்டுங்கள். அவரும் அப்படியேதான் வாங்குவார்.